சமன்பாட்டை எதில் அடிப்பது?

கணக்குப் பாடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் எந்த மென்பொருளில் சமன்பாடு அடிக்கவேண்டும் என்பது பற்றி, அடுப்படியில் நிற்கிறவனுக்கு என்ன கருத்து வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. இந்தச் சாப்பாட்டுக் கடையில் அத்தோ கலக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ரங்கூனில் நான் சோறு தின்றது டைப்பிங் வேலையில்தான். இரண்டு நாளாக வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் நிம்மதி.

விஷயம் இதுதான். போட்டாதாங்கில் என் அக்கா மகள் முதுகலை கணிதம் படிக்கிறாள். எங்கே, யாரிடம் என்றெல்லாம் எழுதமாட்டேன், காரணம் உங்களுக்குத் தெரியும். கிராஃப் தியரி என்று ஒரு பிரிவு, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். 2017 ஜனவரியில் ரங்கூனில் பழைய பஸ் வழித்தடங்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒய்.பி.எஸ். என்று புதிதாக ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்த வழித்தட வலையை வைத்து ஏதோ செய்திருக்கிறாள். எந்த நிறுத்தத்தை மூடினால் ஊர் எத்தனை துண்டாகும் என்கிற மாதிரி கணக்கு. (அந்த ஊரில் இது வெறும் கணக்கு இல்லை என்பது வேறு விஷயம்.) ஐம்பது அறுபது சமன்பாடு, இருபது படம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பவேண்டும். "மாமா, வேர்டுல அடிக்கவா, லேடெக்லயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

ஆளுக்கு ஒன்று சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் நம் ஆட்கள்தான். கனடாவில் இருக்கிற சித்தப்பா மகன், "வேர்டுக்கு என்ன குறை, மாதச் சந்தா நான் கட்டுகிறேன், என் குடும்பக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறேன்" என்றிருக்கிறான். சிங்கப்பூரில் பொறியியல் படித்த இன்னொரு பையன், "ஓவர்லீஃப் இருக்கிறதே, பிரௌசரைத் திறந்தால் போதும், இந்தக் காலத்தில் யார் மென்பொருளை இறக்கி நிறுவுகிறார்கள்" என்று சிரித்திருக்கிறான். இரண்டு பேருமே நல்லவர்கள். பணம் கொடுக்கத் தயங்காதவர்கள். இரண்டு பேர் சொன்னதும் ரங்கூனுக்கு ஆகாது என்பதுதான் என் கட்சி.

முதலில் வேர்டு கதை.

1996 டிசம்பரில் பர்மாவில் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். மறுபடி திறந்தது 2000 ஜூலையில். நான் பௌதிகம் முதல் வருடம். திறக்கும்போது எனக்குப் படிக்கிற வயசு இருந்தது, வீட்டு நிலைமை இல்லை. அதற்குள் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், வாசலில் ஜெனரேட்டர். கல்யாணப் பத்திரிகைக்கு பேஜ்மேக்கர், ஆய்வேட்டுக்கு வேர்டு. பர்மிய எழுத்துக்கு விண் இன்வா எழுத்துரு. பல்கலைக்கழகங்களைத் திறந்த பிறகு முதுகலை மாணவர்கள் கையெழுத்துப் பிரதியோடு வருவார்கள். பௌதிகம் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் சமன்பாடு உள்ள பக்கங்கள் எல்லாம் என் தலையில்தான். அப்போது வேர்டுக்குள் ஈக்வேஷன் எடிட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி இருந்தது. தொகையீட்டுக் குறியைச் சொடுக்கு, மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம், உள்ளே நிரப்பு. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்.

மெய்ப்புப் பார்க்க ஒரு பர்மியப் பெரியவர் வருவார். ஊலே என்று கூப்பிடுவோம். தெயின்பியூ ரோட்டு அரசாங்க அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்து ஓய்வு பெற்றவர். நான் கட்டம் கட்டமாக நிரப்புவதைப் பார்த்து, "நாங்களும் இதைத்தான் செய்தோம், எங்களுக்குக் கை கறுப்பாகும், உனக்கு ஆகவில்லை" என்பார். ஒரு பின்னத்தைக் கோர்க்க மேலே ஒரு துண்டு, நடுவில் பித்தளைத் தகடு, கீழே ஒரு துண்டு, சுற்றிலும் இடைவெளிக்கு வெற்று ஈயக்கட்டை. கணக்குப் புத்தகம் என்றால் கோர்ப்பவர்கள் ஓடி ஒளிவார்களாம். உலகம் முழுக்க அப்படித்தான். கணக்குப் பக்கத்துக்குக் கூலி எப்போதும் கூடுதல்.

அந்தக் காலத்தில் எங்கள் கடை போன்ற ஒன்றில் அடித்து வாங்கிய பாடக் குறிப்பு ஒன்று என் மருமகளின் சயாமாவிடம் (பேராசிரியை அம்மாவை அங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கிறது. பிளாப்பியில் இருந்து சிடிக்கு, சிடியில் இருந்து பென் டிரைவுக்கு என்று இருபது வருஷத்துக்கு மேல் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். அதில் உள்ள ஒரு நிரூபணத்தைத் திருத்தி எடுத்துக்கொள் என்று பிள்ளையிடம் கொடுத்தார். திறந்தால் பர்மிய எழுத்து முழுக்கக் குப்பை. அது எதிர்பார்த்ததுதான். சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் சொடுக்கினால் அசையவில்லை. காரணம் என்ன தெரியுமா? அந்த ஈக்வேஷன் எடிட்டர் மைக்ரோசாஃப்ட் சொந்தமாகச் செய்ததில்லை. டிசைன் சயன்ஸ் என்ற கம்பெனியின் மேத்டைப் என்கிற சரக்கின் சின்னப் பதிப்பு. 2000ஆம் ஆண்டில் தொகுத்த நிரலையே வருஷக்கணக்காக வைத்து ஓட்டினார்கள். 2017 நவம்பரில் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. முதலில் ஒட்டுப் போட்டார்கள், பிறகு 2018 ஜனவரி அப்டேட்டோடு மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளிடம் இருந்த வேர்டில் பழைய சமன்பாடுகள் எல்லாம் படம். பார்க்கலாம், தொடமுடியாது. மேத்டைப்பைக் காசு கொடுத்து வாங்கினால் திறக்கும். லிப்ரே ஆபீஸில் போட்டால் சிலது உயிரோடு எழுந்து வரும், சிலது வராது. பிள்ளை உட்கார்ந்து மறுபடி அடித்தாள்.

நம் ஆட்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்த எத்தனை கவிதை, எத்தனை கோயில் மலர், எத்தனை இரங்கல் குறிப்பு இன்றைக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது? டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு. சுரதாவின் மாற்றிப் பக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் பாதிப் பேரின் எழுத்து போயே போயிருக்கும். பர்மாக்காரர்களுக்கு இதே கூத்து ஸாஜீ எழுத்துருவால் நடந்தது. யூனிகோடு இடங்களையே தன் இஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்திய எழுத்துரு அது. நாடு முழுக்கக் கைபேசியில் பரவி, கடைசியில் 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து யூனிகோடுக்கு மாறவேண்டியதாயிற்று. எழுத்துக்கு நடந்ததுதான் சமன்பாட்டுக்கும் நடந்தது. எழுத்துக்காவது ஊரே அழுதது. சமன்பாட்டுக்கு அழ ஆள் குறைவு.

(இடையில் ஒன்று. மொகல் தெருவில் கடை வைத்திருந்த செட்டியார்களின் பேரேடுகளில் மா, காணி, முந்திரி என்று தமிழ்ப் பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்திரி என்றால் முன்னூற்றிருபதில் ஒன்று. அந்தக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2019இல்தான். பேரேடு எழுதியவர்கள் ரங்கூனை விட்டுக் கிளம்பி எத்தனை தலைமுறை ஆகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருவோம்.)

இனி லேடெக். இதை லேட்டக்ஸ் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் எங்களுக்கு மோன் மாநிலத்து ரப்பர் பால்தான் ஞாபகம் வரும் :-) அடியில் இருப்பது டெக். செய்தவர் டொனால்ட் கனூத், ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர். 1977இல் அவருடைய புத்தகத்தின் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்குப் போனபோது, ஈயக் கோர்ப்பை விட்டுவிட்டு ஒளியச்சுக்கு மாறியிருந்த பதிப்பகம் அனுப்பிய மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துபோனார். இவ்வளவு அசிங்கமாகவா என் புத்தகம் வரவேண்டும் என்று, புத்தக வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுத்துக்கோர்க்கும் நிரலை எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தது பத்து வருஷத்தை விழுங்கியது. அதன்மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியதுதான் லேடெக்.

ஊலே இருந்திருந்தால் டெக்கை உடனே புரிந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு நடுவில் நீளவும் சுருங்கவும் கூடிய இடைவெளி. பெட்டிக்குள் பெட்டி. அதே ஈயக்கட்டை வேலைதான், கை கறுக்காமல். பின்சாய்வுக்கோடு போட்டு ஃப்ராக் என்று எழுதி, இரட்டை அடைப்புக்குள் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கொடுத்தால் பின்னம் வந்து உட்காரும். கட்டம் கட்டமாகச் சொடுக்கவேண்டியதில்லை. ஒரு மாதம் பழகினால் கை பாட்டுக்கு ஓடும்.

ஆனால் எனக்கு முக்கியம் அழகு இல்லை. அழகைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம், டெக் கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடில் திறக்கலாம், கைபேசியில் திறக்கலாம், செய்தியில் ஒட்டி அனுப்பலாம், கடைசி பட்சம் தாளில் கையால் எழுதி வைத்து மறுபடி அடிக்கலாம். எங்கள் சமையலறையில் செய்முறைச் சீட்டு ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். குழம்பு தீர்ந்தால் சீட்டைப் பார்த்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். குழம்பைப் பார்த்துச் சீட்டு எழுதுவது லேசில்லை. பழைய வேர்டு நமக்குக் கொடுத்தது குழம்பு. கனூத் இன்னொன்றும் செய்தார். 1990 வாக்கில் டெக்கில் இனிப் புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை, பிழை மட்டும்தான் திருத்துவேன் என்று நிறுத்திவிட்டார். திருத்தும்போதெல்லாம் பதிப்பு எண் பையின் மதிப்பை நோக்கி ஒரு இலக்கம் நீளும். கடைசியாக நீண்டது 2021இல். வருஷாவருஷம் புது மேக்கப் போட்டுக்கொண்டு வருகிற மென்பொருள் உலகத்தில், "போதும்" என்று நிறுத்தின மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான். லேடெக்கின் பொதிகள் மாறுகின்றன, பழைய கோப்பு சில சமயம் முரண்டு பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கமுடியாமல் போகாது.

சரி, அப்படியென்றால் சிங்கப்பூர் பையன் சொன்ன ஓவர்லீஃபும் லேடெக்தானே, அதற்கு என்ன? லேடெக்தான். நல்ல சாமான்தான். நான்கு பேர் நான்கு நாட்டில் இருந்து ஒரே கட்டுரையைத் திருத்தவேண்டுமானால் அதைவிட வசதி கிடையாது. ஆனால் அது வேறொருவர் வீட்டுத் திண்ணை. போட்டாதாங் நிலவரம் தெரியுமா உங்களுக்கு? 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, அந்த மாதம் 15ஆம் தேதியில் இருந்து வாரக்கணக்கில் ராத்திரி ஒரு மணி முதல் காலை ஒன்பது மணி வரை இணையத்தை நிறுத்தினார்கள். மார்ச் நடுவில் கைபேசி டேட்டா போயிற்று. ஏப்ரல் ஆரம்பத்தில் கம்பியில்லா பிராட்பேண்டும் போயிற்று. கம்பி வைத்திருந்தவன் பாக்கியவான். பிறகு திரும்பி வந்தது, வந்ததும் விலை ஏறியது. 2024 மே கடைசியில் விபிஎன்களைத் தடுக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவுக்கும் மேலே மின்வெட்டு. நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த நாலு மணி நேரம் இல்லை என்று முறை வைத்து ஓட்டின காலமும் உண்டு, அந்த முறையும் தவறின காலமும் உண்டு. மடிக்கணினி பேட்டரியில் இரண்டு மணி நேரம் வேலை ஓடும். ரவுட்டருக்கு எந்த பேட்டரி? அந்தப் பிள்ளைக்கு வேலை செய்யக் கிடைப்பது அந்த இருட்டு நேரம்தான். அப்போது பிரௌசரைத் திற என்றால்?

இன்னொன்று, சந்தா. இதில்தான் வெளிநாட்டில் இருக்கிற நாம் கவனமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கனடாத் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் கார்டில் கட்டுகிற சந்தாவில் பிள்ளையின் நாலு வருஷ வேலையைத் தொங்கவிட்டால், நமக்கு வேலை போகிற மாதம் அங்கேயும் கதவு சாத்திக்கொள்ளும். நம் கையை மீறியும் நடக்கும். 2019 அக்டோபரில் அடோபி கம்பெனி, அமெரிக்கத் தடை உத்தரவு காரணமாக வெனிசுலாக்காரர்களின் கணக்குகளை எல்லாம் முடக்கப்போகிறோம் என்று அறிவித்தது. ஊரே அலறியது. பிறகு அரசாங்க அனுமதி வாங்கி, அந்த மாதக் கடைசியிலேயே மாற்றிக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கிட்ஹப் ஈரான், சிரியா, கிரைமியா கணக்குகளில் கைவைத்தது. ஈரானுக்குத் திரும்பத் திறக்க 2021 ஜனவரி ஆயிற்று. அந்தந்த ஊரில் படம் வரைந்துகொண்டிருந்தவனும் நிரல் எழுதிக்கொண்டிருந்தவனும் என்ன குற்றம் செய்தான்? பர்மாமேலும் தடைகள் உண்டு. எந்தத் தடை எந்த மென்பொருளில் வந்து முடியும் என்று யார் கண்டது? போகும்போது சொல்லிக்கொண்டு போவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இவ்வளவு சொன்னதும், லேடெக் பக்தர்கள் கைதட்டவேண்டாம். உங்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. வேர்டில் அடிக்கிறவனைப் பார்த்து ஏதோ படிக்காதவன் போலப் பேசுகிற பழக்கம் உங்களிடம் உண்டு. லேடெக்கில் அழகாக வந்துவிட்டால் தப்பான நிரூபணம் சரியாகிவிடுமா? ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் நாற்பது வரிக்குத் திட்டுகிறது, அந்தத் திட்டில் எது உண்மையான காரணம் என்று கண்டுபிடிக்கத் தனி அனுபவம் வேண்டும். பர்மிய மொழியில் எழுதவேண்டும் என்றால் சாதாரண லேடெக் போதாது. ஜீலேடெக்கோ லுவாலேடெக்கோ வேண்டும். பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லாததால் வரியை எங்கே முறிப்பது என்று சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை, யூனிகோடு எழுத்துருவைக் காட்டிவிட்டால் ஜீலேடெக் ஒழுங்காகவே போடுகிறது.

அதோடு சயாமா இருக்கிறார். அவருக்கு அறுபது வயசு. திருத்தங்களை வேர்டில்தான் போடுவார், ஓரத்தில் சிவப்புக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்புகளில்தான் பிள்ளை கணக்குக் கற்றுக்கொண்டாள். மென்பொருளுக்காக ஆசிரியரை மாற்றிக்கொள் என்று சொல்கிறவனுக்கு ஆசிரியர் என்றால் என்னவென்று தெரியாது. வேர்டிலும் 2007க்குப் பிறகு நிலைமை வேறு. சமன்பாட்டை வேர்டே தனக்குள் எழுத்தாக வைத்துக்கொள்கிறது, பழைய பெட்டி மாதிரி இல்லை. ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் இடம் வரும், புதிய பதிப்புகளில் லேடெக் கட்டளையையே அடித்தாலும் எடுத்துக்கொள்ளும். அப்படி அடித்த கோப்பை பான்டாக் என்கிற இலவச நிரலில் கொடுத்தால் சமன்பாடுகளை லேடெக்காகவே மாற்றித் தந்துவிடும். ஆகவே வேர்டில்தான் அடித்தாகவேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. வேர்டின் சொந்தச் சமன்பாட்டுப் பெட்டியில் அடியுங்கள், எங்கிருந்தோ படமாக வெட்டி ஒட்டாதீர்கள்.

படமாக ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களே சொல்வார்கள். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வெளியாகிற ஆய்வுப் பத்திரிகைகளின் பக்கங்கள் எங்கே தயாராகின்றன என்று நினைக்கிறீர்கள்? பெரும்பங்கு சென்னையிலும் புதுச்சேரியிலும். திருவனந்தபுரத்தில் சி.வி. ராதாகிருஷ்ணன் ஆரம்பித்த ரிவர் வேலி முழுக்க டெக்கை வைத்தே வளர்ந்த நிறுவனம். கேரளத்தில் டெக்கைப் பரப்பியவர்களில் கணிதப் பேராசிரியர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிபாடுக்குப் பெரிய பங்கு உண்டு. உலக டெக் பயனாளர் மாநாடே 2002இல் அங்கே நடந்தது, 2011இல் மறுபடியும் நடந்தது. நீங்கள் வேர்டில் அனுப்பினாலும் சரி, லேடெக்கில் அனுப்பினாலும் சரி, அங்கே யாரோ ஒரு தங்கச்சியோ தம்பியோ அதை உடைத்து எக்ஸ்எம்எல்லாக மாற்றிப் பத்திரிகையின் அச்சில் வார்க்கிறார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியும் எழுத்துருவும் அங்கேயே போய்விடும். மிஞ்சுவது அமைப்பு மட்டும்தான், இது தலைப்பு, இது தேற்றம், இது பின்னம் என்கிற தகவல். சமன்பாடு படமாக இருந்தால் அவர்கள் பார்த்துத் திரும்ப அடிக்கவேண்டும். அடிக்கும்போது கீழ்க்குறியில் உள்ள ஐ ஒன்றாக மாறும், நியூ வீயாக மாறும். நானும் அந்தத் தொழில் செய்தவன்தான், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மணிக்கு இத்தனை பக்கம் என்று தலைக்குமேல் கத்தி. அதனால் கடைசி மெய்ப்பு வரும்போது சமன்பாடுகளை ஒரு எழுத்து விடாமல் பார்க்கவேண்டியது எழுதினவர் பொறுப்பு.

படங்கள் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளையிடம் நிஜமாகச் சண்டை வந்தது அதில்தான். பவர்பாயிண்டில் வட்டமும் கோடும் போட்டு, திரையைப் படம் பிடித்து ஒட்டியிருந்தாள். பெரிதாக்கினால் கோடு எல்லாம் படிக்கட்டு. புள்ளிகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம். ரங்கூனில் ஆய்வேடு கடைசியில் எங்கே போகும்? செராக்ஸ் கடைக்கு. கறுப்பு வெள்ளையில் மூன்று நிறமும் ஒரே சாம்பல். நிறத்தை நம்பாதே பாப்பா, ஒன்றுக்கு நிறைந்த புள்ளி, ஒன்றுக்கு வெற்று வட்டம், ஒன்றுக்குச் சதுரம், கோட்டிலும் ஒன்று முழுசு, ஒன்று விட்டுவிட்டு என்று போடு என்றேன். படத்துக்குள் இருக்கிற எழுத்தும் கட்டுரை எழுத்தும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்றேன். லேடெக்குக்குள்ளேயே டிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஜெர்மனிக்காரர் டில் டாண்டாவ் செய்தது. புள்ளியின் இடத்தைச் சொல்லி, எதையும் எதையும் இணைக்கவேண்டும் என்று எழுதினால் அதுவே வரையும். புள்ளி கோடு கணக்குக்கு அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. ஒரு நிறுத்தத்தை எடுத்துவிட்டால் படம் எப்படி இருக்கும் என்று காட்ட அதைக் குறிப்பிடுகிற வரிகளை அழித்தால் போதும். ஆனால் கையால் வரைகிற மனசுள்ளவர்களுக்கு டிக்ஸ் சித்திரவதை. அவர்கள் இங்க்ஸ்கேப்பில் வரைந்து பிடிஎஃபாகச் சேமித்துச் சேர்த்துக்கொள்ளலாம், வடிவியல் படம் என்றால் ஜியோஜீப்ராவில் போட்டு டிக்ஸாகவே ஏற்றுமதி செய்யலாம். எல்லாமே இணையம் இல்லாமல் ஓடும்.

டைப்ஸ்ட் என்று புதிதாக ஒன்று பெர்லினில் இருந்து 2023இல் வந்திருக்கிறது. ஒரே ஒரு சின்ன நிரல், கண்மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிடுகிறது, பிழை சொன்னாலும் மனுசன் பேசுகிற மாதிரி சொல்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்புக் குறிப்புக்கு அதையே பயன்படுத்து என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பத்திரிகைகள் பெரும்பாலும் இன்னும் கேட்பது டெக் அல்லது வேர்டு. பத்திரிகையோடு மல்லுக்கு நிற்கிற நிலையில் அவள் இல்லை.

ஆகவே வீட்டுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு: சந்தா கட்டாதீர்கள். போகிறவர் யாராவது இருந்தால் அறுபத்துநாலு ஜிபி பென் டிரைவ் ஒன்று கொடுத்துவிடுங்கள். டெக் லைவ் முழுத் தொகுப்பு ஐந்தாறு ஜிபி வரும், அதை இங்கே நல்ல இணைப்பில் இறக்கிப் போடுங்கள். மிக்டெக் வேண்டாம். அது தேவைப்படும்போது பொதிகளை ஒவ்வொன்றாக இணையத்தில் இருந்து எடுக்கும், அங்கே அந்த நேரம் பார்த்து இணையம் இருக்காது. கூடவே லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, பான்டாக், டைப்ஸ்ட். இந்தியன் டெக் யூசர்ஸ் குரூப் 2003இல் வெளியிட்ட லேடெக் பாடப் புத்தகத்தின் பிடிஎஃப் இலவசம், பழசு என்றாலும் முதல் மாதத்துக்குப் போதும், அதையும் போடுங்கள். பிள்ளை நிறுவிக்கொண்ட பிறகு அதே டிரைவ் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். மருமகளிடம் கொடுத்தது இதுவரை ஆறு வீடு சுற்றிவிட்டதாம்.

அவள் இப்போது செய்வது இப்படி. இருட்டில் லேடெக்கில் அடிக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை, சயாமாவுக்காக, பான்டாக் வழியாக வேர்டாக மாற்றி அனுப்புகிறாள். டிக்ஸ் படங்கள் அந்த வழியில் போகாது, அவற்றை மட்டும் தனி பிடிஎஃபாகச் சேர்க்கிறாள். சிவப்புக் குறிப்பு திரும்பி வந்ததும் லேடெக்கில் கையால் ஏற்றுகிறாள். இரட்டை வேலைதான். முதல் முழு அச்சுப்பிரதியைக் கொண்டுபோய்க் காட்டியபோது சயாமா சமன்பாடு பற்றியோ படம் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லையாம், எழுத்து ஏன் இவ்வளவு பொடியாக இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். முதல் வரியில் பன்னிரண்டு புள்ளி என்று மாற்றிப் போட்டு, கரண்ட் வந்ததும் மறுபடி அச்செடுக்கிறேன் மாமா என்றாள்.